சைக்கிளில் மோட்டார் வைத்தபின் வரும் தொல்லைகள்: பிரேமில் தேடுங்கள்

சைக்கிளுக்கு மோட்டார் மாட்ட நினைப்பவர்கள் வழக்கமாக முதலில், மோட்டாரும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் சேர்ந்த கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் சைக்கிள் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் நுழையாததை நுழைப்பதும், இடிப்பதை அரம் போட்டுத் தேய்ப்பதுமாக ஞாயிற்றுக்கிழமைகள் கழியும். ஒருவழியாக வண்டி ஓடத் தொடங்கியதும் 'மோட்டார் சரியில்லை', 'கன்ட்ரோலர் போலி' என்று பழியெல்லாம் கிட்டின் மேல் விழும். பெரும்பாலும் தப்பு பிரேமில் இருக்கும்.

தொல்லை வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி எதில் மாட்டியிருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். இன்னும் எதுவும் வாங்காதவர்கள் முழுவதையும் படித்துவிட்டு, ஒரு ஸ்கேலும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் உட்காருங்கள்.

இங்கே அதிகம் பேசுவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் 250 வாட் ஹப் மோட்டார் பற்றி. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி மோட்டாரின் சக்தி 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, எடை, பிரேக் போன்ற மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பெட்ரோல் எஞ்சின் வைப்பவர்களுக்குக் கடைசிப் பக்கமாக ஒரு பகுதி இருக்கிறது.

மோட்டார் சக்கரம் போர்க்கில் நுழையவில்லை

முதலில் வரும் தொல்லை இதுதான். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவைதான் போர்க். அதன் இரண்டு கால்களின் உள்பக்கத்துக்கு நடுவே அளந்து பாருங்கள். முன் ஹப் மோட்டார்கள் 100 மி.மீ. இடைவெளிக்குச் செய்யப்படுகின்றன, பின் மோட்டார்கள் 135 மி.மீ.க்கு. நம் ஊர் பார் வைத்த கறுப்பு சைக்கிளில் முன்பக்கம் 100-க்குக் குறைவாகத்தான் இருக்கும். பின்பக்கம் 110-லிருந்து 120-க்குள் நிற்கும். கியர் வைத்த 26 இஞ்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் 100, 135 என்று சரியாகவே வரும்.

குறைவாக இருந்தால் என்ன செய்வது என்பதைக் காந்தம் சொல்லும். போர்க்கில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, விரிக்கலாம். ஒட்டவில்லை என்றால் அலுமினியம், கை வைக்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்:

"பாய், இதைக் கொஞ்சம் விரிச்சுக் குடுங்க."

"விரிக்கலாம் தம்பி. காந்தம் வச்சுப் பாத்தியா? அலுமினியம்னா நான் தொட மாட்டேன்."

அவர் சொல்வது சரி. அலுமினியம் வளைவது போலக் காட்டிவிட்டு, அன்றைக்கு விரிசல் விடாமல் என்றைக்கோ ஒருநாள் நடுரோட்டில் விடும்.

இரும்பை விரிக்க நீளமான மரைக் கம்பி ஒன்றும் இரண்டு நட்டும் போதும். கம்பியைப் போர்க்கின் குறுக்கே வைத்து, நட்டுகளை உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி சுற்றிக்கொண்டே போங்கள். இரும்புக்கு ஸ்பிரிங் குணம் உண்டு. 100 வேண்டுமென்றால் அதைத் தாண்டித் தள்ளினால்தான் விட்டதும் 100-க்கு வந்து நிற்கும். கொஞ்சம் தள்ளுங்கள், கம்பியை எடுத்து அளங்கள், மறுபடி தள்ளுங்கள். இரண்டு காலும் சமமாக விரியும் என்று நம்ப வேண்டாம். ஒன்று விட்டுக்கொடுக்கும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். முன்போர்க்கில் 6, 7 மி.மீ. விரிப்பது சாதாரண வேலை. பின்பக்கம் 115-ஐ 135 ஆக்குவது வேறு கதை. 20 மி.மீ. விரித்தால் அச்சு உட்காரும் தகடுகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். அதை நேராக்காமல் நட்டை முறுக்கினால் மோட்டார் அச்சு வளையும். அந்தப் பிரேமில் பின் மோட்டாரை மறந்துவிட்டு முன் மோட்டாருக்குப் போங்கள்.

அகலம் சரியாக இருந்தும், போர்க் கால் நுனியில் அச்சு உட்காரும் பிளவுக்குள் அது இறங்கவில்லை என்றால் பிளவின் அளவைப் பாருங்கள். மோட்டார் அச்சு உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கம் தட்டையாகச் சீவி, தட்டைக்குத் தட்டை 10 மி.மீ. இருக்கும். பழைய முன்போர்க்கின் பிளவு 8 மி.மீ.தான், கியர் சைக்கிளில் 9. இரும்புத் தகடாக இருந்தால் அரம் போட்டுப் பக்கத்துக்குச் சமமாகத் தேய்த்துக்கொள்ளலாம். பிளவின் மேல் வளைவை மட்டும் தொட வேண்டாம். அதை ஆழமாக்கினால் சக்கரம் ஒரு பக்கம் ஏறி உட்காரும்.

கிளம்பும்போது 'டக்' என்கிறது, நட்டு தளர்ந்துபோகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்ற தொல்லைகளுக்கு அவகாசம் உண்டு, இதற்கு இல்லை.

மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே பலத்தில் அச்சைப் பின்னால் திருகப் பார்க்கும். அச்சைத் திரும்பாமல் பிடித்துவைப்பது பிளவின் இரண்டு உதடுகள்தான். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். சின்ன ஹப் மோட்டார் கிளம்பும்போது 40 நியூட்டன் மீட்டர் வரை திருகும் என்று வைத்துக்கொள்வோம். தட்டையின் அகலம் 10 மி.மீ., அதாவது ஒரு மீட்டரில் நூறில் ஒரு பங்கு. 40-ஐ அதால் வகுத்தால் 4000 நியூட்டன், ஏறக்குறைய 400 கிலோ எடை. இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொண்டாலும் ஒரு விரல்நகம் அகலத் தகட்டின் மேல் 200 கிலோ. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும்.

சக்கரத்தைக் கழற்றிப் பிளவின் உள்விளிம்பைப் பாருங்கள். அச்சின் மூலை பதிந்த தழும்பு பளபளவென்று தெரிந்தால் அச்சு ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது. அடுத்த கட்டத்தில் அது பிளவை விரித்துக்கொண்டு சுழலும், மோட்டார் வயரைக் கயிறு போல முறுக்கி அறுக்கும். முன் மோட்டாராக இருந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம்.

செய்ய வேண்டியவை: போர்க் இரும்பாக இருக்க வேண்டும். 'ஷாக்' வைத்த மலிவான போர்க்குகள் பலவற்றில் கீழ்க்கால் அலுமினிய வார்ப்பு. முன்னால் மோட்டார் வைக்க அது லாயக்கில்லை. விரிசல் விடும்முன் அது எந்த அறிகுறியும் காட்டாது. அப்புறம் டார்க் ஆர்ம் என்று விற்கும் கனமான இரும்புப் பட்டை. அதில் உள்ள துளை அச்சின் தட்டையைக் கச்சிதமாகப் பிடிக்கும், மறுமுனை போர்க் காலில் கிளாம்ப் ஆகும். அச்சுக்கும் அந்தத் துளைக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் போட்டும் பயனில்லை. லேத்துப் பட்டறையில் 6 மி.மீ. தகட்டில் அச்சு அளவுக்கு வெட்டித் தரச் சொல்லலாம்.

இன்னொரு சின்ன இடம். புதிய போர்க்குகள் சிலவற்றில் பிளவைச் சுற்றி வெளிப்பக்கம் ஒரு குழிவும் கரையும் இருக்கும். மோட்டாருடன் வரும் பெரிய வாஷர் அந்தக் கரையின் மேல் ஏறிச் சாய்வாக உட்காரும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நாலு நாளில் தளரும். குழிவுக்குள் அடங்கும் சின்ன வாஷரை முதலில் போட்டு மட்டம் செய்துகொண்டு, அதன்மேல் பெரிய வாஷரைப் போடுங்கள்.

பேட்டரிக்கு இடம் இல்லை

36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். இடம் பிரேமின் முக்கோணத்துக்குள், ஹேண்டில் கழுத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் சாய்வுக் குழாயின் மேல். பாட்டில் வைக்கும் இரண்டு திருகுத் துளைகள் 64 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அதிலேயே பேட்டரித் தட்டு உட்காரும். கறுப்பு சைக்கிளில் அந்தத் துளை கிடையாது. அதற்காகக் குழாயில் துளை போடாதீர்கள். பட்டை கிளாம்ப் போதும்.

வாங்கும்முன் பேட்டரியின் அளவுக்கு அட்டையில் ஒரு மாதிரி வெட்டி முக்கோணத்துக்குள் வைத்துப் பாருங்கள். நீளம் சரியாக இருந்தாலும் பேட்டரியை மேல்பக்கம் இழுத்துக் கழற்ற ஒரு சாண் காலியிடம் வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பார் இல்லாத லேடீஸ் சைக்கிளும், நடுவில் ஸ்பிரிங் வைத்த சைக்கிளும் இங்கேயே கழன்றுவிடும். அவற்றில் கேரியர்தான் கதி, அதன் பலனை அடுத்த பகுதியில் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கறுப்பு உறைக்குள் பேட்டரியை வைத்து வெட்டவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு ஆபீஸ் போகக் கூடாது. சுலபமாகக் கழற்றிக் கையோடு கொண்டுபோகும்படி பிரேமில் இடம் இருப்பது இந்த ஊரில் ஒரு தகுதி.

வேகம் எடுத்தால் ஹேண்டில் ஆடுகிறது

மிதித்துப் போகும்போது தெரியாத ஆட்டம் 20 கி.மீ. தாண்டியதும் தெரியும். ஆடிக் காற்றில் பாலாற்றுப் பாலத்தின் மேல் இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் பேட்டரி எங்கே இருக்கிறது? பின் கேரியரில் பழைய லெட்-ஆசிட் பேட்டரி மூன்று அடுக்கியிருந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ, அதுவும் உயரத்தில், பின் அச்சுக்குப் பின்னால். கேரியர் தண்டு மெலிதானது. அது அசைய அசைய பிரேம் முழுக்க நெளியும். எடையை முக்கோணத்துக்குள் இறக்குங்கள். பலருக்கு ஆட்டம் இதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தில் 'லொடக்' என்றால் அங்குள்ள கப்பும் பால்ஸும் தேய்ந்திருக்கின்றன. மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

அதுவும் சரியாக இருந்தால் பிரேம் கோணலா என்று பார்க்க நூல் சோதனை. பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். பின் அச்சுத் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து மற்றத் தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட் குழாயின் இரண்டு பக்கமும் நூல் ஓடும். குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ. என்றால் விட்டுவிடலாம். 5, 6 என்று வந்தால் பின்முக்கோணம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. பழைய பிரேமில் இது சர்வசாதாரணம். மூட்டை ஏற்றி எங்கேயோ சாய்ந்திருக்கும். இரும்பாக இருந்தால் அனுபவமுள்ள ஆள் நேராக்குவார். அலுமினியம் என்றால் அந்தப் பிரேமோடு கணக்கு முடிந்தது.

பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை

15 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்துவதைவிட 25-இல் ஓடுவதை நிறுத்த ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். கறுப்பு சைக்கிளின் கம்பி பிரேக் அதற்குச் செய்யப்பட்டதில்லை. மழையில் நனைந்த குரோம் ரிம்மில் ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை அணைக்கும் லிவர் கிட்டோடு வரும். கம்பி பிரேக்கோடு அது சேராது.

வேறு ரிம் போட்டுவிடலாமே என்றால் அங்கேயும் முட்டும். அந்த சைக்கிளின் முன் ரிம்மில் 32 துளை, பின் ரிம்மில் 40. ஹப் மோட்டார் பெரும்பாலும் 36 துளை. பழைய ரிம்மைப் பயன்படுத்தவே முடியாது. 700 அளவு ரிம்மில் கோத்தால் அது பழைய 28 x 1½ ரிம்மைவிட அரை இஞ்சு விட்டம் குறைவு, வடிவமும் வேறு. கம்பி பிரேக்கின் கட்டை பிடிக்க அதில் இடமே இல்லை.

ஆகையால் பிரேம் வாங்கும்போதே போர்க்கில், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி-பிரேக்குக்கான முளைகளோ டிஸ்க் மாட்டும் காதுகளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் என்றால் மோட்டாரிலும் டிஸ்க் பொருத்தும் ஆறு துளைகள் இருக்க வேண்டும். மோட்டார் உடல் தடிமன், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் உரசலாம். அங்கே ஒன்றிரண்டு வாஷர் வைத்துச் சரிசெய்ய போர்க்கில் அகலம் மிச்சம் வேண்டும்.

மேட்டில் மோட்டார் கொதிக்கிறது

இது பிரேம் விவகாரம் பாதிதான். நீங்களும் வண்டியுமாக 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்துக்கு ஏற்றத்துக்கு மட்டுமே 200 வாட்டுக்கு மேல் செலவாகும். காட்பாடி ரயில்வே மேம்பாலம் சின்ன ஏற்றம், தாங்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுக்கு 250 வாட்டை நம்பிப் போவது பேராசை. பின்னால் கியர் மாட்ட வசதியுள்ள பிரேமை எடுத்து, முன்னால் மோட்டார் வைத்து, மேட்டில் நீங்களும் மிதியுங்கள்.

பெட்ரோல் எஞ்சின்: செயின் கழல்கிறது, குழாய் நசுங்குகிறது

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி நான்கு சக்கரத்துக்குக் குறைவாக உள்ள வண்டியில் எஞ்சின் 25 சி.சி.க்கு மேற்படாவிட்டால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. '80 சி.சி.' என்று விற்கும் இரண்டு ஸ்ட்ரோக் கிட்டுகள் உண்மையில் 66 சி.சி. அளவுதான், ஆனாலும் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். வீட்டில் செய்த வண்டிக்கு அவை கிடைப்பது குதிரைக்கொம்பு. சொந்தத் தோப்புக்குள் ஓட்டிப் பார்ப்பவர்களுக்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

அந்த எஞ்சினின் கிளாம்ப் 28 மி.மீ. உருண்டைக் குழாய்க்குச் செய்தது. கறுப்பு சைக்கிளின் இரும்புக் குழாய் இதற்கு ஒத்துவரும். இன்றைய அலுமினியப் பிரேமின் சாய்வுக் குழாய் தடித்து, முட்டை வடிவில் இருக்கும்; கிளாம்ப் பிடிக்காது என்று சிலர் குழாயிலேயே துளைபோட்டு போல்ட் முறுக்குகிறார்கள். அதிர்வு அந்தத் துளையிலிருந்துதான் விரிசலைத் தொடங்கும்.

செயின் கழல்வதற்குக் காரணம் பின்சக்கரத்தில் இருக்கும். எஞ்சினுக்கான பல்சக்கரம் ஒன்பது போல்ட்டால், ரப்பர் வளையங்களுக்கு நடுவே ஸ்போக்ஸ் கம்பிகளைக் கவ்விப் பிடிப்பது. 36 கம்பிக்கு ஒன்பது சரியாகப் பிரியும். 40 கம்பிச் சக்கரத்தில் போல்ட்டுகள் கம்பி மேல் ஏறி உட்கார்ந்து பல்சக்கரம் தள்ளாடும். சக்கரத்தை 36 கம்பிக்கு மாற்றாமல் செயின் அடங்காது. டயர் இரண்டு இஞ்சுக்கு மேல் தடிமனாக இருந்தால் செயின் அதை உரசும். பெடல் எஞ்சின் உடலில் இடித்தால் அகலமான கிராங்க் (பெடல் தண்டு) வேண்டும்.

பெயின்ட்டில் கோடு, ஓட்டும்போது கிறீச் சத்தம்

எந்த வகை மோட்டாராக இருந்தாலும் மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவித் துடைத்து ஐந்து இடங்களைப் பாருங்கள்: கழுத்துக் குழாயும் சாய்வுக் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடல் அச்சுக் கூட்டைச் சுற்றி, சீட் குழாயின் மேல்முனை, பின் கால்கள் நான்கும் தகட்டில் சேரும் இடம், போர்க்கின் உச்சி.

பெயின்ட்டில் தெரியும் கோடு வெறும் கீறலா விரிசலா என்று சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெயோ டீசலோ கொஞ்சம் பஞ்சில் நனைத்துத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடையுங்கள். மேலே சாக்பீஸை அழுத்தித் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கீறல் என்றால் சாக்பீஸ் காய்ந்தபடியே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து மயிரிழை போல ஒரு கோடு நனையும். இரும்பில் அந்தக் கோட்டின் ஓரம் துருச் சிவப்பும் சேர்ந்து தெரியும்.

குழாய்களை லக் என்ற காதுக்குள் செருகிப் பித்தளையால் ஒட்டிய பழைய பிரேமில் விரிசல் வந்தால் கேஸ் வைத்துப் பித்தளை ஓட்டித் தரத் தெரிந்தவர்கள் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் போட்டுத் தருவார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் வெப்பமூட்டிப் பதப்படுத்திய பலம் வெல்டிங் சூட்டில் போய்விடும், அது பட்டறையில் திரும்ப வராது. மோட்டார் வண்டிக்கு அந்தப் பிரேம் இனி வேண்டாம்.

எதுவும் பொருந்தவில்லை, வேறு பிரேம் தேடுகிறேன்

கியர் வைத்த, ஷாக் இல்லாத, 26 இஞ்ச் இரும்பு சைக்கிள். முன்னால் 100, பின்னால் 135, வி-பிரேக் முளை, பெரிய முக்கோணம். கனமாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், இரண்டு கிலோ கூடுதலை மோட்டார் பார்த்துக்கொள்ளும். புதிதாக வாங்கினால் விலை குறைந்த மாடல்களில்தான் இது கிடைக்கும். விலை ஏற ஏற அலுமினியமும் ஷாக்கும் தலைகாட்டும்.

பழையது என்றால் சீட்டைத் தண்டோடு உருவி, போன் டார்ச்சைக் குழாய்க்குள் அடித்துப் பாருங்கள். மெல்லிய துருப்பொடி பரவாயில்லை. செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம். அடுத்து வண்டியைக் கவிழ்த்துப் பெடல் அச்சுக் கூட்டின் அடியை ஸ்பேனரால் தட்டுங்கள். மழைத்தண்ணீர் வந்து தேங்குவது அங்கேதான். 'டங்' என்றால் நல்லது, 'டொப்' என்றால் உள்ளே தகடு தேய்ந்திருக்கும். பிறகு பிரேமில் பொறித்த எண்ணைத் தேடுங்கள். அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எண் தெளிவாக இருந்தால் விற்பவரிடம் அந்த எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.